கொதியனின் முகம்

எங்க ஆபீஸ்ல அவரைப் பலூன்காரர்னுதான் சொல்வோம். தெருவுல பலூன் விக்கிறவர்னு நினைச்சிடாதீங்க. காமிக்ஸ்ல ஆளுங்க வாய்க்குப் பக்கத்துல வட்டமா ஒரு கூடு போட்டு அதுக்குள்ள பேச்சு எழுதியிருக்குமே, அதுக்குப் பேரு பலூன். அதுக்குள்ள கையால எழுதுறவர் அவர். நான் படம் வரைவேன், அவர் பேச வைப்பார். என்னைவிடப் பதினஞ்சு வயசு மூத்தவர். நான் அண்ணேன்னு கூப்பிடுவேன், அவர் தங்கச்சின்னு கூப்பிடுவார். அந்தத் தங்கச்சிங்கிற வார்த்தைக்கு நான் என்ன மரியாதை செஞ்சேன்னு சொல்லத்தான் உட்கார்ந்திருக்கேன். சொல்லாமலே காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனா அவர் பேச்சை எடுத்தாலே "அவரா, மூக்கு மேல கோபம் வருமே"ன்னு எல்லாரும் ஒரே வரியில முடிச்சிடுறாங்க. அவ்வளவுதானா அவர்? அந்த ஒரு வரி ஊர் முழுக்கப் பரவினதுல என் பென்சிலுக்கும் பங்கு இருக்கு. அது என்னை உறுத்துது.

ஆள் ஒல்லி. சட்டை அவர் மேல இருக்கிறதைப் பார்த்தா கொடியில காயப் போட்ட மாதிரி இருக்கும். ஆரம்பத்துல பஸ்ஸுக்கு ஊர்ப் பேர் எழுதுற வேலை பார்த்தாராம். அப்புறம் கடைப் பலகை. அப்புறம் எங்க வாரப் பத்திரிகை. அவர் எழுத்தைப் பார்த்தாலே குரல் கேக்கும். ரகசியம் பேசுற ஆளுக்கு எழுத்து நூல் மாதிரி இறங்கும், கத்துற ஆளுக்குத் தடிச்சு விம்மும். எழுதும்போது ஒவ்வொரு வரியையும் உதட்டுக்குள்ளயே பேசிப் பார்ப்பார். வில்லன் பேசுறதை எழுதுறப்ப அவர் புருவம் கூட வில்லனாயிடும். அவருக்குன்னு ஒரு பேனா, மையில தொட்டு எழுதுறது. அதோட நிப்பு ஏழு வருஷமா அவர் ஒருத்தர் கைக்கே பழகித் தேஞ்சது. அதை மத்தவங்க தொடக் கூடாது. தொட்டா நிப்போட வாய் விரிஞ்சுடும், அப்புறம் குப்பையிலதான் போடணும். இது எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்.

எங்க ஆபீஸ் ரெண்டே அறை. உள்ளறை எடிட்டருக்கு. வெளியறையில ஜன்னலோரம் நான், எதிர்ல அண்ணன், மூலையில புரூஃப் ஐயா. எழுத்துப் பிழை பார்க்கிறவர் அவர். வேற எங்கயோ ரிட்டயர் ஆகிட்டு, வீட்ல சும்மா உட்கார முடியாம எங்ககிட்ட வந்தவர். அவர் இருமுறது கூட அடுத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்குமோன்னு கைக்குட்டையைப் பொத்திக்கிட்டு இருமுவார். ஆபீஸுக்கு ஒரே போன். அது என் மேஜை மேல இருந்துச்சு.

எங்க பத்திரிகை விக்கிறதே கொதியனாலதான். கொதியன் கதை தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தபால் ஆபீஸ்ல ஸ்டாம்ப் விக்கிற ஒரு அப்பாவி. யார் ஏறி மிதிச்சாலும் "பரவாயில்லைங்க"ன்னு நகர்ந்துக்கிற ஆளு. ஆனா அநியாயத்தைப் பார்த்து ரத்தம் கொதிச்சா உடம்பு செங்கல் நிறத்துக்கு மாறி, பன்னிரண்டு அடி உயரத்துக்கு வளர்ந்து, கண்ணு மண்ணு தெரியாத பூதமாயிடுவான். கெட்டவங்களை உதைப்பான், அது சரிதான். கூடவே நாலு நல்லவங்க வீட்டுச் சுவரையும் இடிச்சிடுவான். மறுநாள் காலையில எதுவும் ஞாபகம் இல்லாம ஸ்டாம்ப் விக்கப் போயிடுவான். எடிட்டர் இந்தக் கதையை என்கிட்டச் சொன்னப்ப பிரமாதம்னு தலையாட்டினேன். வரைய உட்கார்ந்தப்புறம்தான் முழி பிதுங்குச்சு. எனக்குக் கோபம் வரைய வரல. நான் வரைஞ்ச பூதத்தைப் பார்த்தா தும்மல் வராம தவிக்கிற ஆளு மாதிரி இருந்துச்சு.

அந்த வாரம்தான், கூரை ஒழுகித் தான் எழுதின பக்கம் நனைஞ்சு போச்சுன்னு அண்ணன் கத்தினார். யாரைப் பார்த்துக் கத்தினார்னு கேட்காதீங்க, கூரையைப் பார்த்துத்தான். காது முதல்ல சிவந்துச்சு. அப்புறம் கழுத்து நரம்பு. மேலுதடு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, ஓரத்துல உடைஞ்ச பல் ஒண்ணு வெளியே தெரிஞ்சுது. எனக்கே தெரியாம என் கை பென்சிலை எடுத்துருச்சு. ரெண்டு நிமிஷத்துல கொதியன் பிறந்துட்டான்.

அதுக்கப்புறம் நாலு வருஷம் இதே வழக்கமாப் போச்சு. அவருக்குக் கோபம் வர்றதுக்குப் பெரிய காரணமெல்லாம் தேவையில்லை. பலூன் சின்னதாப் போயிடுச்சு, பேச்சு நீளமாப் போயிடுச்சு, கதவை யாரோ அடிச்சுச் சாத்திட்டாங்க, ஏதாவது ஒண்ணு போதும். அவர் கத்துவார், நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வரைவேன். மூக்கை மாத்துவேன், தாடையை அகலப்படுத்துவேன், பல்லை மறைப்பேன். அதனால அவருக்கு அடையாளம் தெரியல. தன் கோப முகத்தைத் தானே யார் பார்த்திருக்காங்க? மத்த எல்லாருக்கும் தெரியும். எடிட்டர் கூட "இந்த வாரம் அண்ணன் பரவாயில்லையா, ஏதாவது தேறுச்சா"ன்னு கண்ணடிப்பார். நாங்க சிரிப்போம். அவர் கத்தி முடிச்சு ஓய்ஞ்சு போய் உட்கார்ந்திருப்பார், கீழே போய் எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வருவார், நாங்க அந்த டீயைக் குடிச்சுக்கிட்டே சிரிப்போம். இப்ப நினைச்சா எனக்கே என்னைப் பிடிக்கல.

ஆபீஸ்ல எங்களுக்கு விளையாட்டா இருந்தது அவர் வீட்ல வேற மாதிரி இருந்திருக்கு. ஒரு நாள் பொண்ணோட பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போடும்போது சுட்டுட்டார். தப்பு அவரோடதுதான். ஆனா கோபம் இஸ்திரிப் பெட்டி மேல வந்துச்சு. தூக்கி எறிஞ்சார். பெட்டி அந்தப் பொண்ணு காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து தரைக்கல் விரிசல் விட்டுப் போச்சு. பொண்ணுக்கு அப்ப ஒன்பது வயசு. அது அழக் கூட இல்லையாம், அப்படியே நின்னுச்சாம். மறுநாள் காலையில அண்ணி ரெண்டு துணிப் பெட்டியும் பொண்ணுமா தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. அண்ணன் அன்னைக்கு ஆபீஸ் வந்து என் மேஜை முன்னாடி நின்னுக்கிட்டு, "தங்கச்சி, நான் மனுஷனே இல்லம்மா"ன்னார். வேற எதுவும் சொல்லத் தெரியல அவருக்கு.

அந்த வாரம் சனிக்கிழமை நாலு மணிக்கு அண்ணியே போன் பண்ணினாங்க. நான் போடுற உடுப்பெல்லாம் அவங்க தைச்சுக் கொடுத்ததுதான், அதனால என் மேல அவங்களுக்கு ஒரு உரிமை உண்டு. "ஆறு மாசம் அவர் கத்தாம இருந்தா நான் வர்றேன். வீட்ல கத்துறதுக்கு ஆள் இல்ல, அதனால ஆபீஸ்லதான் தெரியும். அவரைக் கேட்டா இல்லைன்னுதான் சொல்வார். நீ எதிர்லயே உட்கார்ந்திருக்கே. வாராவாரம் கூப்பிடுறேன், உள்ளதைச் சொல்லும்மா. உன்னை நம்பித்தான் இருக்கேன்"னாங்க. சொல்றேன் அண்ணின்னேன்.

அண்ணனுக்கும் இந்த ஏற்பாடு தெரியும். சனிக்கிழமை நாலு மணியாச்சுன்னா பேனாவை வச்சுட்டுக் கீழே போயிடுவார். நான் பேசுறதுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதாம். அஞ்சு மணிக்கு வந்து என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், உட்கார்ந்து எழுத ஆரம்பிப்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த மனுஷன் பாடுபட்டார். கோபம் வரும்போது ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தார். காது சிவந்ததும் கழிச்சுப் போட்ட தாளை இழுத்து வச்சு 'அ' எழுதுவார். அழகா, ஒரே அளவுல, வரிசையா. அ அ அ அ. சில நாள் நாலு வரி, சில நாள் ரெண்டு பக்கம். எழுதி முடிக்கும்போது காது பழைய நிறத்துக்கு வந்திருக்கும். அவர் மேஜைக்கு அடியில கூடை நிறைய 'அ'தான். புரூஃப் ஐயா ஒரு தடவை அதுல ஒரு தாளை எடுத்துப் பார்த்து, "பிழையே இல்லப்பா"ன்னார். அண்ணன் சிரிச்சுட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான், "இல்ல அண்ணி, கத்தல"ன்னு சொல்வேன். சொல்றப்ப எனக்கே பெருமையா இருக்கும், என்னவோ நானே சாதிச்ச மாதிரி.

ஆனா கொதியன் படுத்துட்டான். நாலு மாசத்துல வாசகர் கடிதம் குவிஞ்சுது. 'கொதியனுக்குப் பல்வலியா?' 'கொதியனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, இப்படி அடங்கிட்டானே?' எல்லாரும் கிண்டல்தான். பழைய படங்களைப் பார்த்து வரைஞ்சேன், அதே முகத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டேன், ஒண்ணும் எடுபடல. ஆண்டு மலர் வந்துச்சு. நடுப்பக்கம் ரெண்டும் சேர்த்து ஒரே படம், கொதியன் இதுவரைக்கும் படாத கோபம் படணும். எடிட்டர் என் மேஜை மேல கடிதக் கட்டைப் போட்டு, "என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது, வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த முகம் வேணும்"னார். அவர் சொன்னது அவ்வளவுதான். அவர் மேல பழியைத் தூக்கிப் போட எனக்கு ஆசைதான். முடியல. மீதியை யோசிச்சது நான்.

அப்ப இருபத்துநாலு சனிக்கிழமை முடிஞ்சிருந்துச்சு. இன்னும் ரெண்டே ரெண்டு. அதுவும் எனக்குத் தெரியும். கடைசி போன்ல அண்ணி, "பொண்ணுக்கு இங்க பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சுட்டேன், அடுத்த மாசம் பழைய பள்ளிக்கூடத்துக்கே மாத்திடலாம்"னு சொல்லியிருந்தாங்க. ஒரே ஒரு தடவை, வெள்ளிக்கிழமை, அஞ்சு நிமிஷம், யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைச்சேன். எனக்குத் தெரியும்ங்கிறதை நான் கணக்குலயே எடுத்துக்கல.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் கை கழுவப் போனார். புரூஃப் ஐயா கண்ணை மூடிக்கிட்டுச் சாய்ஞ்சிருந்தார். நான் எழுந்து போய் அண்ணன் பேனாவை எடுத்து நிப்பை மேஜை மேல வச்சு அழுத்தினேன். வாய் விரிஞ்சுது. எடுத்த இடத்துலயே வச்சேன். திரும்பி வந்து உட்கார்ந்து ரெண்டு பென்சிலைச் சீவி வச்சேன். ஒண்ணு முறிஞ்சா இன்னொண்ணு வேணுமே. அந்த ரெண்டாவது பென்சிலை நினைச்சாத்தான் இன்னைக்கும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

அவர் வந்தார். மையில தொட்டார். ரெண்டு நாள் உட்கார்ந்து எழுதின பக்கம், கடைசி பலூன்தான் பாக்கி. முதல் எழுத்துலயே மை சிதறிப் பக்கம் முழுக்கத் தெறிச்சுது. காது சிவந்துச்சு. அப்புறம் கழிச்ச தாளை இழுத்து வச்சு 'அ' எழுத ஆரம்பிச்சார். அதே பேனாவால. 'அ' பிளந்துச்சு. ரெண்டாவது எழுதினார், அதுவும் பிளந்துச்சு. மூணாவது. அவர் பிடிச்சுக்க வச்சிருந்த ஒரே கொம்பையும் நான் முறிச்சுட்டேன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. சத்தியமா அதை நான் யோசிக்கல. ஆனா உறைச்சப்புறமும் நான் வாயைத் திறக்கல.

நிப்பை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்த்தார். "யார் தொட்டது?"

பிழை குறிக்கிறதுக்குக் கிடைச்ச பேனாவை எடுத்துக்கிறது புரூஃப் ஐயாவோட பழக்கம். அண்ணன் பார்வை நேரா அங்கே போச்சு. அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னார்னு நான் எழுத மாட்டேன். இருபத்துநாலு வாரமா அடக்கி வச்சதெல்லாம் வந்துச்சு. மர ஸ்கேலை மேஜை மேல அடிச்சார், ரெண்டாப் போச்சு. ஐயா பதறி எழுந்ததுல கண்ணாடி கீழே விழுந்துச்சு. கைக்குட்டையை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு, "நான் இல்லப்பா, நான் தொடலப்பா"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எழுபது வயசு மனுஷர்.

நான் வரைஞ்சுக்கிட்டிருந்தேன். நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, கீழேயிருந்து பார்க்கிற மாதிரி ஒண்ணு. கை நடுங்கவே இல்ல. என் வாழ்க்கையிலயே அப்படி ஒரு கோடு எனக்கு அமைஞ்சதில்ல.

மறுநாள் சனிக்கிழமை. நாலு மணிக்கு அண்ணன் எழுந்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி என்னைப் பார்த்தார், ஏதோ கேட்கப் போறார்னு நினைச்சேன். கேட்கல, இறங்கிப் போயிட்டார். போன் அடிச்சுது.

"என்னம்மா, இந்த வாரம் எப்படி?"

"கத்தினார் அண்ணி."

"நிறையவா?"

"ஆமா அண்ணி. ஸ்கேல் உடைஞ்சுது."

அப்புறம், "சரிம்மா"ன்னு வச்சுட்டாங்க. நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. அதைச் சொல்லித்தான் எனக்கு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். உள்ளதைச் சொல்லும்மான்னாங்க, உள்ளதைச் சொன்னேன். உள்ளதுல பாதியைச் சொன்னேன். மீதிப் பாதியை ஏன் விழுங்கினேன்? அண்ணி என்னைக் காறித் துப்புவாங்கன்னுதான். அஞ்சு மணிக்கு அண்ணன் மேல வந்தப்ப நான் முகத்தைக் கொடுக்காம எதையோ தேடுற மாதிரி மேஜைக்குள்ள குனிஞ்சுக்கிட்டேன். அவருக்குப் புரிஞ்சுடுச்சு.

திங்கட்கிழமை நடுப்பக்கம் அவர் மேஜைக்குப் போச்சு. நான் இந்தத் தடவை மூக்கை மாத்தல, தாடையை மாத்தல, பல்லை மறைக்கல. மாத்தினா கெட்டுப் போயிடும்னு விட்டுட்டேன். பலூன்ல எழுத வேண்டியது ரெண்டே வார்த்தை: 'கிட்ட வராதே.' அவர் பேனாவைத் தொடவே இல்ல. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். நாக்கால ஓரப் பல்லைத் தடவினார்.

"தங்கச்சி, இது நான்தானே?"

"இல்லண்ணே, சும்மா கற்பனை."

"நான்தாம்மா." கோபமே இல்ல அந்தக் குரல்ல. "இதையா அவ பத்து வருஷம் எதிர்ல வச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா? பொண்ணு இதையா பார்த்துச்சு?" கொஞ்சம் கழிச்சு, "நல்லா வரைஞ்சிருக்கே"ன்னார். சொல்லிட்டுப் புது நிப்பைப் போட்டு அந்த ரெண்டு வார்த்தையை எழுதிக் கொடுத்தார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஆண்டு மலர் ஒரு பிரதி பாக்கியில்லாம வித்துப் போச்சு. எடிட்டர் துள்ளிக் குதிச்சார். நடுப்பக்கத்தைப் பிரிச்சு எடுத்துச் சுவத்துல ஒட்டினவங்க எத்தனையோ பேர். அண்ணன் முடி வெட்டிக்கிற சலூன்லயே ஒட்டியிருந்தாங்க. தெருவுல போறப்ப வெளியேயிருந்து பார்த்தேன், கண்ணாடிக்கு மேல, உட்கார்ற ஆளுக்கு நேரா. அவர் அந்த மாசம் முடி வெட்டிக்கல. ரெண்டு சனிக்கிழமை போன் வரல. ரெண்டு சனிக்கிழமையும் அவர் நாலு மணிக்குக் கீழே போயிட்டு அஞ்சு மணிக்கு வந்தார்.

என்னால அதுக்கு மேல தாங்க முடியல. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அண்ணியோட அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணி தையல் மிஷின் முன்னாடி உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வச்சுக்கிட்டிருந்தாங்க. சுத்தி ஒரே வெள்ளைத் துணி. என்னைப் பார்த்து உட்காருன்னு சொன்னாங்க, மிஷினை நிறுத்தல. வழி முழுக்க மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்ததெல்லாம் மறந்து போச்சு. "அண்ணி, அன்னைக்கு அவர் கத்தினாரே, அது"ன்னு ஆரம்பிச்சேன்.

"நீதான் கிளப்பி விட்டே. அதானே?"

அவங்க மிஷினை நிறுத்தினாங்க.

"உங்க புத்தகத்தைப் பொண்ணு எங்கயோ வாங்கிட்டு வந்தா. நடுவுல திறந்தா. 'அம்மா, அப்பா'ன்னா. மூடி வச்சுட்டா. நான் எடுத்துப் பார்த்தேன். பல்லு, நரம்பு, ஒண்ணு விடல நீ. அவர் கத்தினா எதிர்ல இருக்கிறவங்களுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வரும், எனக்குத் தெரியும். இவ்வளவு நிதானமா பார்த்து வரையணும்னா, அது வரப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

நான் எல்லாத்தையும் சொன்னேன். நிப்பை அழுத்தினது, 'அ' பிளந்தது, ரெண்டு பென்சில், எல்லாம். அவங்க குறுக்கே பேசாம கேட்டாங்க. கடைசியில, "அவர்கிட்ட சொன்னியா?"ன்னாங்க.

"இல்ல அண்ணி."

"ஏன்?"

"பயமா இருக்கு. கோபப்படுவாரேன்னு."

சொன்னப்புறம்தான் என் காதுல அது விழுந்துச்சு. அண்ணி என்னைப் பார்த்தாங்க. அந்தப் பார்வையில திட்டு இல்ல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. "அந்தப் பயத்தோடதாம்மா நான் பத்து வருஷம் அந்த வீட்ல சமைச்சேன், தூங்கினேன், எல்லாம் பண்ணேன்"னாங்க. "நீ கிளப்பினது தப்பு. ஆனா கிளப்பினதும் வந்துச்சே, அது அவர்கிட்ட இருந்ததுதானே. போய்ச் சொல்லு. சனிக்கிழமை கூப்பிடுறேன்." மிஷின் மறுபடி ஓட ஆரம்பிச்சுது. கிளம்பும்போது அந்தப் பொண்ணு வாசல்ல உட்கார்ந்திருந்துச்சு, நான் யாருன்னு அதுக்குத் தெரியல. நானும் சொல்லல.

திங்கட்கிழமை காலையில எடிட்டர் வர்றதுக்கு முன்னாடி அண்ணன் மேஜைக்குப் போனேன். புரூஃப் ஐயா அவர் மூலையில தாளுக்குள்ள தலையை விட்டிருந்தார்.

"அண்ணே, உங்க நிப்பை வளைச்சது நான்."

அவர் நிமிர்ந்தார். "தெரியாம பட்டுடுச்சா?"

"இல்லண்ணே. வேணும்னே. படத்துக்கு முகம் வேணும்னு. நாலு வருஷமா உங்களைப் பார்த்துத்தான் வரையறேன். எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

காது சிவந்துச்சு. கழுத்து நரம்பு எழுந்துச்சு. ரெண்டு கையாலயும் மேஜை விளிம்பைப் பிடிச்சார், விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போச்சு. நான் காத்துக்கிட்டு நின்னேன். உண்மையைச் சொன்னா, அவர் கத்தணும்னு ஆசைப்பட்டேன். கத்திட்டா நான் கொஞ்சம் தப்பிச்சிடலாம். பார்த்தியா, இவர் இப்படித்தான்னு எனக்குள்ள ஒரு மூலையில சொல்லிக்கலாம். அவர் 'அ' எழுதத் தாளைத் தேடல, படிக்கட்டுக்கு ஓடல. அப்படியே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியல.

"வாராவாரம் அவ உன்கிட்டத்தானே கேட்டா"ன்னார். அவ்வளவுதான்.

அப்புறம் எழுந்தார். என்னைத் தாண்டி மூலைக்குப் போனார். "ஐயா, அன்னைக்கு நீங்க இல்லன்னு சொன்னீங்க. நான் நம்பல. உங்க வயசுக்கு நான் பேசக் கூடாத பேச்சு பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

ஐயா கண்ணாடியைக் கழட்டிட்டார். "விடுப்பா, விடு"ன்னு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டார். நான் அங்கயே நின்னுக்கிட்டிருந்தேன். இந்த மூணு வாரமா நான் அண்ணனை நினைச்சேன், அண்ணியை நினைச்சேன், என்னை நினைச்சு நினைச்சு அழுதேன். மூலையில உட்கார்ந்து செய்யாத தப்பைச் சுமந்துக்கிட்டிருந்த அந்தப் பெரியவர் ஞாபகம் எனக்கு ஒரு தடவை கூட வரல. அவர்கிட்டயும் போய் மன்னிப்பு கேட்டேன். அவர் எனக்கும் அதே "விடும்மா"தான் சொன்னார், ஆனா என் கையைப் பிடிக்கல.

சனிக்கிழமை நாலு மணிக்கு அண்ணன் கீழே போனார். போன் அடிச்சுது. நான் எடுத்தேன்.

"சொன்னியா?"

"சொல்லிட்டேன் அண்ணி."

"கத்தினாரா?"

"இல்ல அண்ணி. ஒரு வார்த்தை கத்தல. மேஜையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நிஜமாவே கத்தல அண்ணி." ஆசை ஆசையா சொன்னேன். அந்த மனுஷன் வாழ்க்கையிலயே பெரிய காரியம் பண்ணியிருக்கார், அதை நான் என் கண்ணால பார்த்திருக்கேன்.

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் கேட்டுச்சு. அக்கா தைச்சுக்கிட்டிருந்திருப்பாங்க.

"நீ சொல்றதை நான் எப்படிம்மா நம்புறது?"ன்னாங்க அண்ணி.

குத்திக் காட்டுறதுக்குக் கேட்கல. அவங்களுக்கு நிஜமாவே தெரியல, அதனால கேட்டாங்க. அவர் கத்தினப்ப நான் சொன்ன ஒரு வார்த்தையை உடனே நம்பினாங்க. அவர் கத்தாத ஒரு நாள் வந்தப்ப, அதைச் சொல்றதுக்கு என் வாய் உதவல. நான் போனை எடுத்துக்கிட்டு, வயர் எட்டின வரைக்கும் மூலைப் பக்கம் போய், "ஐயா, கொஞ்சம் பேசுங்க"ன்னு நீட்டினேன். அவர் பயந்துக்கிட்டே வாங்கினார். "இல்லம்மா. கத்தல. நான் இங்கதான் இருந்தேன்"னார். அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்தார், "ம்", "ம்"னு.

அதுக்கப்புறம் எட்டு சனிக்கிழமை போன் வந்துச்சு. போன் என் மேஜை மேலதான் இருந்துச்சு, நான்தான் எடுப்பேன். "நல்லா இருக்கியாம்மா"ன்னு ஒரு வார்த்தை கேட்பாங்க, நான் "நல்லா இருக்கேன் அண்ணி"ம்பேன், "ஐயாகிட்டக் கொடு"ம்பாங்க. கொடுப்பேன். ஒன்பதாவது சனிக்கிழமை போன் வரல. அண்ணன் மூணரை மணிக்கே எடிட்டர்கிட்டச் சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியிருந்தார். அண்ணி வர்றாங்கன்னு புரூஃப் ஐயாவுக்கு முன்னாடியே தெரியும், என்கிட்ட யாரும் சொல்லல.